வயிற்றுவலி என்று படுத்திருக்கும் பையன்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு, ஒரே இடத்து வலியைப் பற்றி இருந்தன. நான்கிலுமே 'பெயர், ஊர் போட வேண்டாம்' என்று எழுதி, அடியில் கோடும் இழுத்திருக்கிறார்கள். போடவில்லை. ஆனால், கேள்விகளை ஒதுக்கி வைக்க மனம் வரவில்லை. மாட்டுக்கு மடிநோய் வந்தால் தெருவுக்கே சொல்கிறோம். ஆணுக்கு விதையில் வலி வந்தால் கட்டிய மனைவிக்குக்கூடத் தெரிவதில்லை. மருத்துவப் புத்தகங்களில் 'விரை' என்று எழுதுவார்கள், ஊர்ப் பேச்சில் 'விதை'. நானும் அப்படியே எழுதுகிறேன். வீட்டில் உரக்கப் படிக்கக் கூச்சமாக இருந்தால், முதல் கேள்வியையும் பதிலையும் மட்டுமாவது பையன்களைப் பெற்ற அம்மாக்கள் படித்துவிடுங்கள்.

''என் மகனுக்கு 14 வயது. போன மாதம் ஒருநாள் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, 'அடிவயிறு வலிக்குது' என்றான். இரண்டு முறை வாந்தி எடுத்தான். முதல்நாள் விருந்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தேன். விடிந்ததும், குடலேற்றம் என்று பக்கத்து ஊரில் எண்ணெய் தடவி உருவிவிட்டார்கள். பிறகு ஒரு கிளினிக்கில் வாயுவுக்கு ஊசி போட்டார்கள். சாயங்காலம்தான் அவன் அப்பாவிடம், 'கீழே வீங்கியிருக்கு' என்று சொன்னான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி 9 மணி. விதை முறுக்கிக் கறுத்துவிட்டது என்று ஒன்றை எடுத்துவிட்டார்கள். அவனுக்குக் கல்யாணம், குழந்தை எல்லாம் நடக்குமா? முன்னாலேயே போயிருந்தால் காப்பாற்றியிருக்கலாமா?''

சகோதரி, முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நடக்கும். ஒரு விதை நன்றாக இருந்தாலே மீசை முளைக்கவும், குரல் உடையவும், தாம்பத்தியத்துக்கும், பொதுவாகக் குழந்தை பிறக்கவும் போதும். அவனிடம் இதை நீங்களோ, அவன் அப்பாவோ வாய்விட்டுச் சொல்லுங்கள். 14 வயதில் பையன்கள் இதைப்பற்றி யாரிடமும் கேட்க மாட்டார்கள். தனக்குள்ளேயே தப்பாக ஒரு முடிவு கட்டிக்கொள்வார்கள். வயது வந்த பிறகும் சந்தேகம் இருந்தால், விந்துப் பரிசோதனை ஒன்று செய்து பார்த்துக்கொள்ளலாம். பார்வைக்குக் குறை தெரிகிறது என்று அவன் பிற்காலத்தில் வருந்தினால், சிலிக்கானில் செய்த விதை வைக்கும் வசதியும் இருக்கிறது.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது ஒன்று. டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு அந்த அறுவை சிகிச்சை மருத்துவரைப் பார்த்து, 'இன்னொரு பக்கத்து விதையையும் உள்ளே தைத்து நிறுத்தியிருக்கிறீர்களா?' என்று கேளுங்கள். வழக்கமாக அதே ஆபரேஷனிலேயே தைத்துவிடுவார்கள். ஏதோ காரணத்தால் செய்யாமல் விட்டிருந்தால், அதைச் செய்தே ஆகவேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கபடி, கிரிக்கெட் என்று விளையாடப் போனால் அந்த இடத்துக்குக் கவசம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றபடி அவன் எதையும் விட்டுவிட வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்விக்கு மழுப்ப விரும்பவில்லை. காலை 10 மணிக்குள் ஆபரேஷன் மேசைக்குப் போயிருந்தால், அந்த விதை பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. ஆனால், அதை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவன் சொன்னது வயிற்றுவலி. வயிற்றுவலிக்கு ஒரு தாய் என்ன செய்வாரோ, அதைத்தான் செய்தீர்கள். எனக்குக் கோபம் அந்த கிளினிக் மேல்தான். வயிற்றுவலி, வாந்தி என்று வருகிற பையனின் கால்சட்டையை இறக்கிப் பார்க்காமல் ஊசி போடக்கூடாது என்பது, மருத்துவம் படிக்கும்போதே சொல்லிக் கொடுக்கப்படும் பாடம்.

அவன் வயிறு என்று சொன்னதற்குக் கூச்சம் மட்டும் காரணமில்லை. குழந்தை கருவில் இருக்கும்போது விதை உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறகுதான் அது கீழே இறங்கி வருகிறது. வரும்போது ரத்தக்குழாய்களையும் நரம்பையும் அங்கிருந்தே இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால் விதையில் அடிபட்டால் வயிறு வலிக்கும், குமட்டும். சில பையன்களுக்கு வயிற்றில் மட்டும்தான் வலி தெரியும்.

முறுக்கம் என்றால் என்ன? காளைக்கன்றுக்குக் காயடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கால்நடை மருத்துவர் இடுக்கியை வைத்து, விதைக்குப் போகும் கொடியைத் தோலுக்கு மேலேயே நசுக்கிவிடுகிறார். கத்தி படுவதில்லை. ரத்தம் போவது நின்றுவிடுவதால், சில வாரங்களில் விதை சுருங்கிப்போகிறது. உங்கள் மகனுக்கு நடந்ததும் ஏறக்குறைய அதுதான். கொடி நசுங்குவதற்குப் பதிலாக, கயிறு திரிப்பதுபோல முறுக்கிக்கொண்டது. பொதுவாக விதை, பையின் உட்சுவரோடு ஒட்டி நிற்கும். சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் பிடிமானம் இல்லாமல், கோயில் மணியின் நாக்குபோல ஆடிக்கொண்டிருக்கும். விளையாடும்போது முறுக்கிக்கொள்ளலாம், தூக்கத்திலும் முறுக்கிக்கொள்ளலாம். அந்த அமைப்பு பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். அதனால்தான் மறுபக்கத்தையும் தைத்தார்களா என்று கேட்கச் சொன்னேன்.

இது எந்த வயதிலும் வரலாம். 12 முதல் 18 வயதுக்குள் வருவதுதான் அதிகம். வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்த்தால், பத்தில் ஒன்பது விதைகள் பிழைத்துக்கொள்ளும். 12 மணி நேரம் ஆனால் சுமார் பாதிதான். ஒரு முழு நாள் கடந்துவிட்டால் பிழைப்பது அபூர்வம். இதில் ஒரு வஞ்சகமும் இருக்கிறது. விதை செத்துப்போகத் தொடங்கும்போது சிலருக்கு வலி குறையும். 'சரியாகிவிட்டது' என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். வேறு சிலருக்கு முறுக்கு தானாகவே அவிழ்ந்து, சில வாரம் கழித்துத் திரும்ப வரும். 'அப்பப்ப சுருக்குனு வலிக்கும், அரை மணி நேரத்துல போயிடும்' என்று பையன் சொன்னால், வலி இல்லாத நாளிலேயே அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அந்த நிலையில் தைத்துவிட்டால் விதைக்கு ஆபத்து வருவது மிக அபூர்வம்.

மற்ற வீடுகளுக்காகச் சொல்கிறேன். பையனுக்குத் திடீரென்று அடிவயிற்றிலோ, தொடை இடுக்கிலோ, விதையிலோ வலி என்றால், அப்பாவோ தாத்தாவோ, யாரும் இல்லையென்றால் அம்மாவோ, விளக்கைப் போட்டு ஒருமுறை பாருங்கள். ஒரு பக்கம் வீங்கி இருக்கிறதா, ஒரு விதை வழக்கத்தைவிட மேலே ஏறி, குறுக்காகக் கிடக்கிறதா, தொட்டால் துடிக்கிறானா? இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கு ஆபரேஷன் செய்ய வசதி இருக்காது. அறுவை சிகிச்சை மருத்துவரும் மயக்க மருத்துவரும் இரவில் இருக்கக்கூடிய மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராகப் போகவேண்டும். வலி தொடங்கிய மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான். வழியில் சோடா, காபி, கஞ்சி என்று எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருப்பது நல்லது. எண்ணெய் தடவி உருவுவது, ஒத்தடம், கட்டை விரலில் எண்ணெய் வைத்துச் சூடு இறக்குவது எல்லாமே அந்த 6 மணி நேரத்தைத்தான் தின்னும்.

மருத்துவர் என்ன செய்வார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வயிற்றையும், தொடை இடுக்கையும், இரண்டு விதைகளையும் கையால் தொட்டுப் பார்ப்பார். தொடையின் உட்புறத்தில் லேசாகக் கோடு இழுப்பார். இழுத்தால் அந்தப் பக்கத்து விதை சட்டென்று மேலே ஏற வேண்டும். முறுக்கம் இருந்தால் பெரும்பாலும் ஏறாது. சிறுநீர்ப் பரிசோதனையும், ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும் எழுதலாம். அறிகுறிகள் தெளிவாக இருந்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல், 'திறந்து பார்த்துவிடலாம்' என்பார். அதைக் கேட்டு, பணத்துக்காகச் சொல்கிறார் என்று சண்டை போடாதீர்கள். திறந்து பார்த்து முறுக்கம் இல்லையென்றால் ஒரு சின்னத் தழும்போடு போகும். திறக்காமல் விட்டு முறுக்கம் இருந்தால் விதை போய்விடும். 'எடுக்க வேண்டியும் வரலாம்' என்று முன்கூட்டியே கையெழுத்து கேட்பார்கள். அது வழக்கம்தான்.

சின்னப் பையன்களுக்கு விதையின் மேல் ஒட்டியிருக்கும் கடுகளவுச் சதை மட்டும் முறுக்கிக்கொள்வதும் உண்டு. அது ஓய்விலேயே சரியாகிவிடும். இதுவா அதுவா என்று வீட்டில் முடிவு செய்ய முடியாது. பொன்னுக்கு வீங்கி வந்த வாலிபப் பையன்களுக்குக் கன்னம் வீங்கிய சில நாள்களில் விதையும் வீங்கி வலிக்கலாம். அதையும் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

''வயது 38. ஐந்து கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். மூன்று வாரமாகச் சாயங்காலம் காய்ச்சல், ராத்திரி வியர்வை, இடுப்பு வலி. பத்து நாளாக வலது விதை வீங்கி வலிக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டால் மூன்று நாள் குறைகிறது, பிறகு திரும்ப வருகிறது. சூடு என்கிறார்கள். உண்மையா?''

சூடு இல்லை. விதையிலோ, அதன் பின்புறம் சுருண்டிருக்கும் விந்துக்குழாயிலோ கிருமித்தொற்று இருக்கலாம். முறுக்கம் நிமிடங்களில் தாக்கும். தொற்று பொதுவாக இரண்டு மூன்று நாளில் மெல்ல ஏறும், காய்ச்சலோடு வரும், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் சேரலாம். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தேங்கி, அதிலிருந்து கிருமி இறங்கும். வாலிபர்களுக்கு உடலுறவு வழியாகத் தொற்றும் கிருமிகள் முக்கிய காரணம். மருத்துவர் அதைப் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். அப்படி இருந்தால் மனைவிக்கும் சேர்த்துத்தான் மருந்து. காசநோயும் இந்த இடத்துக்கு வரும். வலி அதிகமில்லாமல் கெட்டியாக வீங்கி, சில சமயம் புண்ணாகிக் கசியும்.

ஆனால், உங்கள் கடிதத்தின் கடைசியில், 'இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மாடு 7 மாதத்தில் கன்று வீசியது, நான்தான் நஞ்சுக்கொடியை எடுத்துப் போட்டேன்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மாடுகளுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா என்ற கிருமி, நஞ்சுக்கொடியிலும் கருப்பை நீரிலும் ஏராளமாக இருக்கும். வெறுங்கையால் தொட்டால், கையிலுள்ள சிறு கீறல் வழியாகவே உள்ளே போய்விடும். காய்ச்சாத பால் வழியாகவும் வரும். ஏறி இறங்கும் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி, முதுகுவலி, சில ஆண்களுக்கு விதை வீக்கம். நீங்கள் எழுதியிருப்பதும் இதுவேதான்.

கடிதத்தை வைத்து நான் உறுதி சொல்ல முடியாது. அரசு மருத்துவமனையில் பொது மருத்துவரைப் பார்த்து, விதை வலியோடு நிறுத்தாமல், மாடு கன்று வீசியதையும் நீங்கள் கையால் எடுத்ததையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால், இந்தக் கோணத்தில் சோதிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றாமல் போகலாம். சிறுநீர், ரத்தப் பரிசோதனை, புரூசெல்லாவுக்கான ரத்தப் பரிசோதனை, விதை ஸ்கேன் ஆகியவை தேவைப்படும். அந்தக் கிருமிதான் என்றால், இரண்டு மருந்துகளைச் சேர்த்து குறைந்தது 6 வாரம் சாப்பிட வேண்டும். மூன்று நாள் மாத்திரையில் காய்ச்சல் தணிந்து திரும்ப வருவது இதனாலும் இருக்கலாம். இனி கடையில் வாங்கிப் போடுவதை நிறுத்துங்கள். அரைகுறை மருந்து, பரிசோதனையையும் குழப்பிவிடும்.

கன்று வீசிய மாட்டின் ரத்தத்தையும் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துச் சோதியுங்கள். அதுவரை அந்தப் பாலை நன்றாகக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். நஞ்சுக்கொடி எடுக்கக் கையுறை வேண்டும். எடுத்ததைச் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைக்க வேண்டும், நாய் இழுக்கும்படி போடக்கூடாது. 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு இதற்கான தடுப்பூசி உண்டு. 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரியோடு இந்த நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

''என் மாமனாருக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. பத்து வருஷமாக விதைப்பை தேங்காய் அளவுக்குப் பெருத்திருக்கிறது. வலியில்லாததால் காட்டவில்லை. ஒரு வாரமாக வலிக்கிறது என்கிறார். ஊசி வைத்து நீரை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார்.''

ஊசி வேண்டாம்மா. எடுத்த நீர் பெரும்பாலும் திரும்பச் சேர்ந்துவிடும். சர்க்கரை உள்ளவருக்கு ஊசி குத்திய இடத்தில் சீழ் பிடித்தால் பெரிய தொல்லை. வீக்கத்துக்குள் இருப்பது நீர்தானா என்பதே இன்னும் தெரியாது. குடலிறக்கமாக இருந்து அதில் ஊசி போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

நீர்வீக்கத்துக்கு நம் ஊரில் யானைக்கால் நோய் ஒரு பழைய காரணம். சாக்கடை நீரில் பெருகும் கொசு கொண்டுவரும் புழு, நிணநீர்க் குழாயை அடைத்துவிடுகிறது. முன்பு வருடாவருடம் ஊர்முழுக்கக் கொடுத்த டிஇசி மாத்திரை அதற்காகத்தான். அப்படிப்பட்டவர்களுக்கு அவ்வப்போது குளிர்காய்ச்சல் வந்து, தொடை இடுக்கில் நெறி கட்டி, பை சிவந்து வலிக்கும். படுத்தால் சுருங்கி, இருமினால் பெருத்தால், அது குடலிறக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவர் இருட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பார். நீராக இருந்தால் வெளிச்சம் ஊடுருவும். பிறகு ஸ்கேனில் உறுதி செய்வார். இரண்டுக்குமே அறுவை சிகிச்சைதான் தீர்வு, அரசு மருத்துவமனைகளில் செய்கிறார்கள்.

பத்து வருஷமாக வலிக்காதது இப்போது வலிக்கிறது என்பதால், இந்த வாரமே காட்டுங்கள். உள்ளே இறங்கிய குடல் திரும்பப் போகாமல் மாட்டிக்கொண்டு, வாந்தி எடுத்து, மலமும் வாயுவும் நின்றால், அன்றைக்கே அவசர சிகிச்சை. இன்னொன்று, சர்க்கரைக்காரர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது: விதைப்பைத் தோலோ, ஆசனவாய்ப் பக்கமோ சிவந்து, கறுத்து, நாற்றம் அடித்து, பார்வைக்குத் தெரிவதைவிட வலி பல மடங்கு இருந்தால், அது மணிக்கணக்கில் பரவி உயிரை எடுக்கும் தொற்று. களிம்பு தடவிக்கொண்டு இருக்கக்கூடாது. மருமகளிடம் காட்டக் கூசுவார். மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

''24 வயது. நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறேன். சீசனில் தினமும் 12 மணி நேரம். சாயங்காலம் இடது விதை கனமாக, மந்தமாக வலிக்கிறது. படுத்தால் குறைகிறது. செல்போனில் தேடினால் புற்றுநோய் என்று வருகிறது. பயமாக இருக்கிறது.''

தம்பி, செல்போனில் தலைவலிக்கும் புற்றுநோய் என்றுதான் வரும். நீங்கள் சொல்வது பெரும்பாலும் விதைக்கு மேலே உள்ள ரத்தநாளங்கள் புடைத்துக்கொள்வது. காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதைப் போன்றதுதான். அநேகமாக இடது பக்கம் வரும். இடப்பக்கத்து ரத்தநாளம் மேலே போய்ச் சேரும் விதம் அப்படி. நின்று கொண்டு தொட்டுப் பார்த்தால் மண்புழுக்கள் சுருண்டு கிடப்பதுபோல் தட்டுப்படும், படுத்தால் அடங்கும். இறுக்கமான, தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை போட்டு வேலை செய்தாலே பலருக்கு வலி குறையும். வலி தொல்லை கொடுத்தாலோ, அந்த விதை சிறுத்தாலோ, கல்யாணமாகிக் குழந்தை தாமதமானாலோ ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம். படுத்தும் அடங்காவிட்டாலோ, வலது பக்கம் மட்டும் புதிதாக வந்தாலோ வயிற்றையும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிறீர்களா என்றும் கேட்க வேண்டும். சிறுநீரகக் கல் இறங்கும்போது, விலாவில் தொடங்கும் வலி விதைவரை வந்து குத்தும். விதையைத் தொட்டால் வலிக்காது, ஆனால் அங்கேதான் வலி என்று சத்தியம் செய்வார்கள். உங்களுடையது மந்தமான வலி என்பதால் அதுவாகத் தோன்றவில்லை. இருந்தாலும் வண்டியில் தண்ணீர்க் கேன் இருக்கட்டும்.

புற்றுநோய் விஷயத்துக்கு வருகிறேன். விதைப் புற்றுநோய் வாலிபர்களுக்குத்தான் அதிகம், 15 முதல் 40 வயதுக்குள். ஆனால், அது பெரும்பாலும் வலியோடு தொடங்காது. விதையிலேயே கல்போல ஒரு கட்டி, அல்லது ஒரு விதை மட்டும் கனத்துப் பெருப்பது, இப்படித்தான் தெரியவரும். சிலருக்கு மந்தமான வலியும் சேரலாம். சிறுவயதில் விதை இறங்காமல் இருந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். குழந்தைக்கு 6 மாதம் ஆகியும் விதை பையில் இறங்கவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டச் சொல்வது இதனால்தான். வெந்நீரில் குளித்த பிறகு, பை தளர்ந்திருக்கும்போது, ஒவ்வொரு விதையையும் விரல்களுக்கு நடுவில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். ஒன்று சற்றுக் கீழே தொங்குவதும், பின்புறம் மெத்தென்று கயிறுபோல் தட்டுப்படுவதும் இயல்பு. விதையோடு ஒட்டிய கெட்டி தட்டுப்பட்டால், வலிக்கவில்லை என்று விட்டுவிடாமல் காட்டுங்கள். ஸ்கேனும் மூன்று ரத்தப் பரிசோதனைகளும் செய்வார்கள். சீக்கிரம் பிடித்துவிட்டால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும் புற்றுநோய் இது. யாராவது விதைப்பை வழியாக ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கலாம் என்றால் மட்டும் சம்மதிக்காதீர்கள். சிறுநீரக அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போங்கள்.

உங்களுக்கு இப்போது ஒரு ஸ்கேன் போதும். அறுவடை முடியட்டும் என்று தள்ளாமல், மழை பெய்து இயந்திரம் நிற்கிற ஒருநாளில் போய் எடுத்துவிடுங்கள்.